ராசியான மக்னீசியம்

வெற்றிடத்தைக் காட்டும் கேஜ் இறங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. விடியற்காலையில் கரண்டு போயிருக்கிறது, ஜெனரேட்டர் தன் வழக்கப்படி யோசித்து யோசித்து எழுந்து வருவதற்குள் பம்புகள் நின்றுவிட்டன, கலத்துக்குள் காற்று கசிந்துவிட்டது, இனி எல்லாம் முதலிலிருந்து. எவர்சில்வர் கலம், ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம், சுற்றிலும் போல்ட்டு போட்டு இறுக்கிய மூடிகள். காற்று சீக்கிரம் போய்விடும். தண்ணீர்தான் போகாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்சுவரில் அப்பிக்கொண்டு, பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காத சம்பந்தி வீட்டார் மாதிரி, ஒவ்வொன்றாகத்தான் கிளம்பும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பது எனக்குப் புதிதா என்ன. வருஷக்கணக்கில் பம்ப் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றால்கூட நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் இன்றைக்குக் காத்திருப்பது வேறு மாதிரி. இறங்கட்டும் என்று ஒரு மனசு, இறங்கவே வேண்டாம் என்று ஒரு மனசு. இறங்கினால் பச்சை லேசரைப் போட வேண்டும். போட்டால் திரையில் அந்தக் கோடு தாழும், அல்லது தாழாது. தாழ்ந்தால் நாங்கள் கண்டது உண்மை. தாழாவிட்டால் என் ஆராய்ச்சி மாணவி முப்பிடாதி இத்தனை வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்தது மக்னீசியமே இல்லை, கற்பூரக் கரி. ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து எங்கள் கட்டுரையின் அச்சுப்படி வந்து கம்ப்யூட்டரில் கிடக்கிறது. சரி என்று ஒரு வரி எழுதி இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் போதும், உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் படிப்பார்கள், முப்பிடாதி பெயர் முதலில், காந்திமதி என்கிற என் பெயர் அடுத்து. ஒரு வரிதான். அதை எழுதாமல் இங்கே வந்து, விளக்குகூடப் போடாமல், ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறங்கிய மாதிரி இருந்தது, மறுபடியும் ஏறிவிட்டது.

அந்தத் தட்டை நான் பார்த்திருக்கவே வேண்டாம். அவர் தினமும் செய்கிற பூஜைதான். பேங்க்கிலிருந்து ரிடையரான பிறகு ஆபீஸுக்குக் கிளம்பின வேகத்தையெல்லாம் என் வீட்டுக்காரர் சாமி மேல் காட்டுகிறார், மணியடிப்பதும் பூ வைப்பதும் ஒரு நிமிஷம் பிசகாது. கற்பூரத்தை நீட்டினார். நான் எப்போதும்போல ஒரு கையில் காபியை வைத்துக்கொண்டு மறுகையால் ஒற்றிக்கொண்டேன். எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் வேண்டாம் என்று சொன்னால் அவர் முகம் சுருங்கும், அதைப் பார்க்கச் சகிக்காது. பிறகு தட்டைத் தேய்க்கப் போடுவதற்கு எடுத்தேன். பித்தளையில் வட்டமாகக் கரி. என்றைக்கும் இருக்கிற கரிதான். விரலால் தொட்டேன், மை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கற்பூரம் எரிந்தால் ஒன்றுமே மிஞ்சாது காந்தி, அதுதான் அதில் உள்ள தத்துவம் என்று அவர் அடிக்கடி சொல்வார். மிஞ்சாதா, இதோ மிஞ்சியிருக்கிறதே என்று விரலை நீட்டலாமா என்று வேடிக்கையாகத்தான் நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அது ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை. முப்பிடாதி கையில் தட்டு. திறந்து கிடந்த கலம். அலுமினியத் தாள் மேல் அந்த மக்னீசியத் துண்டு. காபியை அப்படியே வைத்துவிட்டு, இட்லி அவிந்துகொண்டிருக்கிறதே என்று அவர் பின்னாலேயே வந்து கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ ஏறி வந்துவிட்டேன். விரலில் இன்னும் கரி இருக்கிறது. புடவையில் துடைத்துக்கொண்டிருக்கிறேன் போல, நீல வாயில் புடவை, இனி போகாது.

லேபில் ஆயுத பூஜை என்றால் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிடச் சந்தோஷம். கலத்தைத் துடைத்துச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, லேசருக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, பொரி கடலை, வாழைப்பழம், வாசலில் பூசணிக்காய். அந்த வருஷம் லேசர் மட்டும் இல்லை, பழுதாகிப் பெங்களூருக்குப் போயிருந்தது, கட்டுரை எழுதி அனுப்பும்வரை திரும்பவில்லை. துண்டு மாற்ற வேண்டிய நாளும் அன்றைக்கே வந்து வாய்த்தது. கலத்தைத் திறந்தாயிற்று, புதுத் துண்டைப் பிடிப்பானுக்குள் வைத்து அழுத்தி அலுமினியத் தாள் மேல் வைத்தாயிற்று, உள்ளே தள்ளி மூடுவதற்கு முன்னால் கையோடு பூஜையை முடித்துவிடலாம் என்றாள் முப்பிடாதி. தட்டில் கற்பூரம் ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் காட்டினாள். கடைசியில் அந்தத் துண்டுக்குக் கிட்டே போய், நல்லதாய் ஒன்று காட்டு தாயே என்று முணுமுணுத்துக்கொண்டு மூன்று தடவை சுற்றினாள். நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம். நானும்தான், வாய் நிறையப் பொரியோடு. கையுறை போடாமல் கலத்துப் பக்கம் வருகிறவனை வெளியே துரத்துகிறவள் நான். ஒரு தலைமுடி விழுந்துவிட்டால் ஊரைக் கூட்டுகிறவள். பவுடர் பூசிக்கொண்டு வந்தாள் என்று ஒருத்தியை முகம் கழுவ அனுப்பியிருக்கிறேன். கற்பூரப் புகை நேராக அந்தத் துண்டின் மேல் போய் இறங்கியபோது ஒரு சத்தம் போடத் தோன்றவில்லையே. எப்படித் தோன்றும். சாமிக்குக் காட்டுகிறது அழுக்கு என்று எங்கள் ஆட்கள் யாருக்குத் தோன்றும். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம், அவள் மூடியைப் போட்டு இறுக்கினாள்.

அதற்கு அடுத்த வாரம், அயனிகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் திரையில், கோடு வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ துண்டுகள் போட்டோம், ஒன்றிலும் வரவில்லை. பின்னாலும் போட்டோம், வரவில்லை. இந்த ஒன்றில் மட்டும் வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஏன் இதில் மட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டோம். ராசியான துண்டு என்று பதிலும் நாங்களே சொல்லிக்கொண்டோம். முதலில் விளையாட்டாகச் சொன்னதுதான். பிறகு துண்டை மாற்றக் கூடாது என்று முப்பிடாதி பிடிவாதம் பிடித்தாள், வேறு வேலைக்காக வெளியே எடுத்தபோதுகூடச் சின்ன வெற்றிடப் பெட்டியில் தனியாக வைத்துப் பூட்டினாள், நான் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கி என் மேஜை டிராயரில் போட்டேன். இத்தனைக்கும் படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். இருபத்து நான்கு எடையில் ஒரு பெரிய கோடு, பக்கத்தில் இருபத்தைந்திலும் இருபத்தாறிலும் இரண்டு குட்டிக் கோடுகள். மக்னீசியம் இயற்கையிலேயே இந்த மூன்று எடைகளில்தான் கிடைக்கிறது, ஏறக்குறைய இதே விகிதத்தில். வேறென்ன சாட்சி வேண்டும் என்று எழுதினோம், பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கரி அணுவின் எடை பன்னிரண்டு, இரண்டு சேர்ந்தாலும் இருபத்து நான்குதான். அதில் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டால் இருபத்தைந்து. கரியும் நைட்ரஜனும் ஜோடி சேர்ந்தால் இருபத்தாறு. இது எனக்குத் தெரியாத விஷயமா. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஏமாந்துவிடாதீர்கள் என்று. விகிதம் பொருந்தி வந்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பாழாய்ப்போன விகிதம், அதுவாக அப்படி அமைந்து தொலைத்திருக்கிறது. அல்லது அமையவில்லையோ. உண்மையிலேயே மக்னீசியமாக இருந்தால்? கற்பூரம் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்? காலையில் ஒரு தட்டைப் பார்த்துவிட்டு இப்படி ஓடி வந்தது என் பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மக்னீசியம் மாதிரித் திருப்தியான அணுவைப் பார்க்க முடியாது. வெளியே இரண்டு எலெக்ட்ரான், ஜோடியாக, போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதிர் அயனி என்றால் என்ன, கூடுதலாக ஓர் எலெக்ட்ரானை வைத்துக்கொண்டிருக்கிற அணு, அவ்வளவுதான். வகுப்பில் நான் டவுன் பஸ்ஸைத்தான் சொல்வேன். மூன்று பேர் சீட்டுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒருத்தி வந்து நிற்கிறாள். அந்தச் சீட்டில் அவளுக்குப் பாத்தியதை கிடையாது. உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் ஓரத்தில் ஒண்டிக்கொள்வாள். அணுவுக்குள்ளும் கணக்கு நேராகிவிட்டது, வெளியாளைப் பிடித்து இழுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அவள் கிட்டே வந்தால் உள்ளே இருக்கிற எலெக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று பார்த்து லேசாக ஒதுங்குகின்றன. அந்த ஒதுங்கலில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது, அதில் தங்கிக்கொள்கிறாள். ஒன்று மட்டும் நகர்ந்தால் போதாது, எல்லாம் சேர்ந்து நகர வேண்டும். ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியாக வைத்துக் கணக்குப் போட்டால் விடை சரியாக வராது, பல அயனிகள் இல்லவே இல்லை என்றுகூட வந்துவிடும். குளோரின் தாராள மனசு. கரி அதைவிடக் கொஞ்சம் கம்மி, ஆனால் கரி இரண்டு சேர்ந்துவிட்டால் உடும்புப் பிடி, பச்சை லேசரெல்லாம் அதன் எலெக்ட்ரானை அசைக்க முடியாது. ஒற்றைத் தண்ணீர் மூலக்கூறு பிடிக்காது, இரண்டு சேர்ந்தால் பட்டும் படாமலும் பிடித்துக்கொள்ளும், கொத்தாகச் சேரச் சேரப் பிடி இறுகும். மக்னீசியம் ஒன்று பிடிக்காது, இரண்டும் பிடிக்காது, மூன்று சேர்ந்தால்தான் இளகும். இதெல்லாம் ஊரறிந்த சேதி. ஒற்றை மக்னீசியம் ஓர் எலெக்ட்ரானைத் தூக்கிக்கொண்டு கலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வந்து சேர்கிறது என்று நாங்கள் சொன்னதுதான் புதுச் சேதி. அது அத்தனை மெல்லிய பிடியாகத்தான் இருக்க முடியும், வெளிச்சம் பட்டால் விட்டுவிடும். விட்டால் நம்முடையது. விடாவிட்டால் கரி. ஏதாவது ஒன்று கையை விட்டுப் போக வேண்டும் என்று இப்படி உட்கார்ந்து வேண்டிக்கொள்கிற பிழைப்பு வேறு யாருக்கும் வாய்க்காது.

முப்பிடாதிக்கு என்ன சொல்வேன். சேர்ந்த புதிதில் கெஸட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாமா மேடம், எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று வந்து நின்றாள். உன் ஊர்ச் சாமி பெயரை வைத்துக்கொண்டு நீ ஏன் கூசுகிறாய், சிரிக்கிறவனை என்னிடம் அனுப்பு என்றேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. அவளுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறார், புருவம் வரைக்கும் மாவு படிந்த மனிதர். ஒருநாள் மகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வந்து, கலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது என்னத்தை அரைக்கும் டீச்சரம்மா என்று மரியாதையாகக் கேட்டார். எலெக்ட்ரான் என்றேன். நைஸாக விழுமா என்றார். நானும் அவளும் அவர் போன பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த மனிதர் கட்டுரை ஏற்கப்பட்டது என்று கேள்விப்பட்டதும் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்துவிட்டார். அணுவிலே அதிசயம் கண்ட எங்கள் குலவிளக்கே என்று எழுதி, அவள் கண்ணாடி போட்ட படம், கீழே மாமன் மச்சான் இருபது பேர் படம், ஓரத்தில் ராக்கெட் வேறு. எங்களுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தமோ. வெட்கம் பிடுங்குகிறது மேடம் என்று போனில் படத்தைக் காட்டினாள், ஆனால் காட்டும்போது கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அதை இப்போது நான்தான் அணைக்க வேண்டும். அணுக் கொத்துகளைப் பற்றி அவள் செய்த வேலை இருக்கிறது, அது சுத்தமான வேலை, அதை வைத்துப் பட்டம் வாங்கிவிடலாம். பட்டம் போகாது. ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பஸ் ஸ்டாண்டில் போய் எப்படி இறங்குவாள்.

பேசாமல் பம்பை நிறுத்திவிட்டால் என்ன. ஒரு சுவிட்சுதான். ஏற்கெனவே கரண்டு போய் நின்றது, இன்னொரு தடவை நின்றால் யார் கேட்கப் போகிறார்கள். துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, ராசியான துண்டு தீர்ந்துவிட்டது, இனிமேல் வராது என்று சொல்லிவிடலாம். வேறு எவனாவது எங்கேயாவது செய்து பார்த்து, வரவில்லையே என்று எழுதுவதற்குள் வருஷங்கள் ஆகும், அதற்குள் அவள் எங்காவது வேலையில் நிலைத்திருப்பாள், நான் வீட்டில் பூஜைக்கு மணியடித்துக்கொண்டிருப்பேன். சீ. என்ன நினைப்பு இது. பசி வந்தால் புத்தி இப்படித்தான் போகும். இட்லியைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். முழங்கால் வேறு வலிக்கிறது. எண் இறங்கிக்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை நிஜமாகவே. அவளுக்காக நினைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேனே, அது முழுக்க உண்மையா. வருகிற மே மாதத்தோடு என் பெயர்ப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். இத்தனை காலமும் நான் செய்ததெல்லாம் பிறர் கண்டதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்த வேலைதான். அந்த எண் இன்னும் கொஞ்சம் துல்லியம், இந்தக் கோடு இன்னும் கொஞ்சம் தெளிவு. அதில் குறையொன்றும் இல்லை என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்திருக்கிறேன், நம்பித்தான் செய்தேன். ஆனால் துணைவேந்தர் கூப்பிட்டுப் பத்திரிகைக்காரர்களை வரச் சொல்லலாம் என்றபோது என்ன புடவை கட்டலாம் என்று அன்று ராத்திரி பீரோவைத் திறந்து பார்த்தேனே. அரக்கில் பச்சைக் கரை போட்டது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு தோளில் போட்டுக்கூடப் பார்த்தேன். எனக்கும்தான் வேண்டியிருந்தது. எனக்குத்தான் ரொம்ப வேண்டியிருந்தது.

அது புடவைக்காக மட்டும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லையே. சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்கப் போனபோது எனக்கு ஹாஸ்டலில் இடம் இல்லை. மூன்று பேர் அறையில் நாலாவதாகப் போய் நின்றேன், வார்டனுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி. உள்ளே இருந்தவர்கள் மூன்று பேருக்கும் நான் யாரோ. நூர்ஜஹான் என்று ஒருத்தி தன் ட்ரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்கு இடம் வேண்டும் என்று இன்னொருத்தி தன் செருப்புகளை வாசலுக்கு எடுத்துப் போனாள். மூன்றாமவள் துணி காயப்போட்ட கொடியை அவிழ்த்துச் சுவரோரமாகக் கட்டினாள். பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விழுந்தது. இரண்டு வருஷமும் அந்தப் பாயில்தான். எப்போது வேண்டுமானாலும் வார்டன் போகச் சொல்லலாம் என்று கடைசிவரை பெட்டியை முழுசாகத் திறக்காமலே வைத்திருந்தேன், கதவு தட்டினால் பாயைச் சுருட்டிவிடுவேன். அங்கே இருக்கும்போதுதான் எதிர் அயனியைப் பற்றிப் பாடம் நடந்தது. கரும்பலகையில் சார் எழுதிக்கொண்டே போகிறார், ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும் என்று, எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. பக்கத்தில் இருந்தவள் சுண்ணாம்புத் தூசியா என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. அதனால்தான் மக்னீசியம் என்றதும் விழுந்துவிட்டேன். யாருக்கும் நகர்ந்து கொடுக்காத அணுகூட ஒருத்தியைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். அணுவுக்கு மனசு கிடையாது என்று தெரிந்த ஆள் நினைக்கிற நினைப்பா இது. முப்பிடாதி சின்னப் பெண், அவள் நம்பினாள் என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. நான் நம்ப ஆசைப்பட்டேன், அதைப் பார்த்துத்தான் அவள் நம்பினாள். பயமாக இருக்கிறது.

வந்துவிட்டது. எண் போதிய அளவுக்கு இறங்கி நிற்கிறது. எழுந்து விளக்கைப் போடுகிறேன், சீசியத்தைச் சூடாக்குகிறேன், அது அந்தத் துண்டின் மேல் மோதி அயனிகளை உதிர்க்க ஆரம்பிக்கும், திரையில் மூன்று கோடுகளும் எழும். எழுந்துவிட்டன, அதே உயரம், அதே அழகு. லேசரையும் உயிர்ப்பித்துவிட்டேன். போன வாரம் திரும்பி வந்ததும் முப்பிடாதிதான் பிரித்து, துடைத்து, நேராக்கி வைத்தாள். அது அடுத்த கட்டுரைக்கு ஆகும் மேடம், இப்போது அவசரமில்லை என்றாள், நானும் தலையாட்டினேன். இனி லேசரை மறைத்திருக்கிற ஷட்டரைத் திறக்க வேண்டியதுதான். கை போகமாட்டேன் என்கிறது. அவள் இல்லாமல் நான் மட்டும் பார்க்கக் கூடாது என்று ஒரு சாக்கு சொல்லிக்கொள்கிறேன். சாக்குதான், ஆனால் நியாயமும்கூட. அவளுடைய கோடு, அவள் கண் முன்னால்தான் நடக்க வேண்டும். போனை எடுக்கப் போகும்போது கதவு திறக்கிறது. அவளே வருகிறாள், குளித்த ஈரத்தலையோடு, இவ்வளவு காலையில் நான் இங்கே இருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மேடம், இம்புட்டுச் சீக்கிரம் வந்துட்டிய? சாப்டியளா?"

உட்கார் என்கிறேன். உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே சொல்கிறேன், சுற்றி வளைக்காமல், தட்டையும் கரியையும், ஆயுத பூஜையையும், இந்த ஒரு துண்டில் மட்டும் ஏன் வந்தது என்பதையும். பூஜையில் அவளுடைய தப்பு எதுவும் இல்லை, நின்று வேடிக்கை பார்த்த என் தப்புதான் பெரிது என்றும் சொல்கிறேன். எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். எதைச் சொன்னாலும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருக்கிறவள், விகிதம் எப்படி மேடம் பொருந்தும் என்றாவது கேட்பாள், கேட்டால் நல்லது என்றுகூட இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள். நீயே திற என்கிறேன். லேசருக்குப் போடுகிற கண்ணாடியை எடுத்து முதலில் என்னிடம் தருகிறாள், பிறகு தான் மாட்டிக்கொள்கிறாள், போய் ஷட்டரில் கை வைக்கிறாள். நான் திரைக்குக் கிட்டே குனிந்துகொள்கிறேன். தாழ்ந்துவிடு. தாயே, தாழ்ந்துவிடு. ஷட்டர் திறக்கிற சத்தம் கேட்டது. கோடு நிற்கிறது. மூடச் சொல்கிறேன், மறுபடி திறக்கச் சொல்கிறேன். அப்படியே நிற்கிறது, ஒரு மயிரிழை அசையவில்லை. மூன்றும் நிற்கின்றன. கரி. முடிந்தது. அவள் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டென்று திரும்புகிறேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. ஷட்டரில் வைத்த கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த லேபில் இத்தனை வருஷத்தில் ஷட்டர் திறக்கும்போது கோட்டைப் பார்க்காத ஆளை நான் கண்டதில்லை.

"எப்பம் பாத்தே?"

"லேசர் வந்த மறுநா மேடம். நீங்க போன பெறகு போட்டுப் பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றுகிறாள். கண் சிவந்திருக்கிறது, இன்றைக்குச் சிவந்தது இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் தனியாகச் சுமந்துகொண்டு இந்த அறைக்குள் வந்து போயிருக்கிறாள், பஸ் ஸ்டாண்டு போர்டைப் பற்றி நான் கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"மறுநா காலையிலயே சொல்லத்தான் வந்தேன் மேடம். ஒங்க ரூம் கதவத் தொறக்கப் போனா, உள்ள நீங்க பாடிக்கிட்டு இருந்திய. ஒங்களுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. அப்படியே திரும்பிப் போய்ட்டேன். இன்னைக்கு அச்சுப்படி அனுப்பணும்லா, அதுக்கு முன்ன சொல்லிரணும்னுதான் வெள்ளனே வந்தேன்."

நான் பாடினேனா. எனக்கு நினைவே இல்லை. வீட்டில் பாடுகிறவள் இல்லை, குளியலறையில்கூடப் பாடுகிறவள் இல்லை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னபோது வராது என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். என்ன பாட்டு என்று கேட்க வாயைத் திறக்கிறேன், அழுகை வந்துவிட்டது. அவள் முன்னாலேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கரி ஒட்டிய அதே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுகிறேன். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். பிறகு இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அச்சுப்படியை மூடிவிட்டு எடிட்டருக்குப் புதிதாக ஒரு கடிதம் திறந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் விரலை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கும்போது முதல் வரியை அவளே சொல்லிவிட்டாள். நாங்கள் பார்த்தது மக்னீசியம் இல்லை. தமிழில்தான் சொன்னாள். அதை இங்கிலீஷில் ஆக்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.